மேல்முறையீட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கலாமா? உடனடிப் பணிநீக்கம் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

மலேசியாவின் சிலாங்கூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் 11 ஆண்டுகள் வேலை பார்த்த மேற்பார்வையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர், கம்பெனி, ஆளை அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மாதக் கடைசி சரக்குக் கணக்கெடுப்பு நாள். மேல் அடுக்குகளுக்கு ஆளை ஏற்றும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. கீழ் அடுக்குகளை எண்ணி முடித்தவர், மேலே இருந்த சரக்குக்குக் கணினி காட்டிய எண்ணிக்கையை அப்படியே ‘எண்ணியது’ என்ற பத்தியிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்கு முன் மேலாளரிடம் கேட்டிருக்கிறார். “முதல்ல சைன் பண்ணிடு, திங்கட்கிழமை பாத்துக்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்திருக்கிறது. திங்கட்கிழமை யாரும் பார்க்கவில்லை. சில வாரங்கள் கழித்து 38 பெட்டிகள் குறைவது தெரியவந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, 24 மணி நேரத்தில் பதில் தரச் சொல்லி ஷோ காஸ் கடிதம், அதாவது விளக்கம் கேட்கும் கடிதம், கொடுத்தார்கள். எச்.ஆர். அதிகாரி, “மன்னிப்புக் கேட்டு எழுதிவிடுங்கள், எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும்” என்றாராம். நம்பி இரண்டே வரியில் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். பிறகு மூன்று வாரம் இடைநீக்கம், அரைச் சம்பளம். அப்புறம் 40 நிமிடத்தில் முடிந்த உள் விசாரணை. அதற்குத் தலைமை வகித்தவர், அந்தக் குரல் பதிவை அனுப்பிய அதே மேலாளர். சாட்சியைக் கேள்வி கேட்க விடவில்லை, விசாரணைக் குறிப்பும் தரவில்லை. ராஜினாமா செய்தால் நற்சான்றும் ஒரு மாதச் சம்பளமும் தருவதாகச் சொன்னார்கள். இவர் மறுத்துவிட்டார். மறுநாள், “நிறுவன ஆவணத்தைப் பொய்யாகத் தயாரித்து ஏமாற்றிய கடும் ஒழுங்கீனத்துக்காக” உடனடியாக வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. கடைசிச் சம்பளத்தில், காணாமல்போன பெட்டிகளுக்காக என்று 1,900 ரிங்கிட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

இவர் சம்பளம் 4,600 ரிங்கிட். தலைமை அலுவலகத்துக்கு மேல்முறையீடு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். கடிதம் எழுதிய அன்று, வேலை போய் 37 நாள். “அந்தப் பதில் வந்த பிறகு கேஸ் போடலாமா? மன்னிப்புக் கேட்டுவிட்டதால் எல்லாம் முடிந்துவிட்டதா? 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை என்கிறார்களே, உண்மையா? ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூடத் தராமல் நீக்கியது செல்லாதுதானே?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த 37 என்ற எண்தான். அன்றே உங்கள் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி அனுப்பினேன். அதையே இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் உங்களைப் போலவே காத்திருப்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர்.

முதலில் நாள்கணக்கு

காத்திருக்காதீர்கள். 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், பிரிவு 20-இன்படி, காரணமில்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். இந்த 60 நாள் சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் சேர்த்து எண்ணப்படுவது. கம்பெனிக்குள் நீங்கள் செய்த மேல்முறையீடு இந்தக் கணக்கை நிறுத்தி வைக்காது. தலைமை அலுவலகம் மூன்று மாதம் கழித்து, “பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை” என்று ஒரு வரி அனுப்பினால், அன்றிலிருந்து புதிதாக 60 நாள் தொடங்கும் என்று நினைப்பது தவறு. வேலையிலிருந்து நீக்கப்பட்ட நாள்தான் கணக்கு.

காலக்கெடு விஷயத்தில் நமது நீதிமன்றங்கள் கறாரானவை. 1981-இல் ஃபுங் கியோங் ரப்பர் வழக்கில், சட்டம் சொல்லும் காலத்துக்குள் மனு வந்தே ஆக வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அப்போது ஒரு மாதமாக இருந்த கெடு இப்போது 60 நாளாகக் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். உடம்பு சரியில்லை, சட்டம் தெரியாது, எச்.ஆர். பொறுக்கச் சொன்னார் என்ற எந்தக் காரணமும் எடுபடாது. உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், 61-ஆம் நாள் அதைக் கேட்க அந்த இலாகாவுக்கே அதிகாரம் கிடையாது. நல்ல வழக்குகள் இப்படிக் கதவருகிலேயே செத்துப்போவதைப் பார்ப்பது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

மனு கொடுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு ஆபத்து வருமோ என்று பயப்படுகிறீர்கள். கம்பெனி மனம் மாறி உங்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். மனு கொடுக்காமல் விட்டுவிட்டால் திரும்பப் பெற எதுவும் இருக்காது.

எந்த அலுவலகம்?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். லேபர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் தொழிலாளர் இலாகா வேறு, தொழில் உறவு இலாகா வேறு. சம்பளப் பாக்கி, பிடித்தம், விடுமுறை ஊதியம் போன்ற பண விவகாரங்கள் தொழிலாளர் இலாகாவுக்கு உரியவை. ‘என்னை நியாயமில்லாமல் நீக்கிவிட்டார்கள்’ என்ற முறையீடு, ஜாபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹான் எனப்படும் தொழில் உறவு இலாகாவுக்கு உரியது. லேபர் ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டு, வேலைநீக்கத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு. அந்தப் புகார் இந்த 60 நாளைக் காப்பாற்றாது.

உங்களுக்கு இரண்டு இடத்திலும் வேலை இருக்கிறது. வேலைநீக்கத்துக்குத் தொழில் உறவு இலாகா. பிடித்த 1,900 ரிங்கிட்டுக்கும், மூன்றாவது வார அரைச் சம்பளத்துக்கும் லேபர் ஆபீஸ். காரணம் சொல்கிறேன். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், விசாரணைக்காக ஒருவரை அரைச் சம்பளத்தில் இடைநீக்கம் செய்ய அதிகபட்சம் இரண்டு வாரம்தான் அனுமதிக்கிறது. உங்களுக்கு மூன்று வாரம் போட்டிருக்கிறார்கள். அடுத்தது, சம்பளத்திலிருந்து எதையெல்லாம் பிடிக்கலாம் என்று அதே சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. காணாமல்போன சரக்குக்கு முதலாளியே விலை போட்டுக் கழித்துக்கொள்வது அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, 4,000 ரிங்கிட் விஷயம். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டம் சம்பள வரம்பில்லாமல் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது. 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவர்களுக்கு மேலதிக நேரச் சம்பளம் போன்ற சில பிரிவுகள் மட்டும் கிடையாது. அதைத்தான் யாரோ ‘பாதுகாப்பே இல்லை’ என்று உங்களிடம் சொல்லிவிட்டார்கள். தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுக்கோ சம்பள வரம்பு என்ற பேச்சே இல்லை. தனியார் நிறுவனத்தில் 4,600 வாங்குபவரும் அதைவிடப் பல மடங்கு வாங்குபவரும் அதன் கீழ் மனு கொடுக்கலாம்.

மனுவில் என்ன கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். உங்கள் கடிதத்தில், “அந்த முகங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை, நஷ்டஈடு மட்டும் போதும்” என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. ஆனால் சட்டம் தருவது, பழைய வேலையில் திரும்ப அமர்த்தும்படி கேட்கும் உரிமை. ஆகவே மனுவில் ‘மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும்’ என்றே எழுதுங்கள். அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று நீதிமன்றம் கருதினால், அதற்கு ஈடாகப் பணம் தரச் சொல்லும். பெரும்பாலும் முடிவது அங்கேதான் என்றாலும், தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

மனுவுக்குக் கட்டணம் இல்லை. இலாகா இரு தரப்பையும் சமரசப் பேச்சுக்கு அழைக்கும். அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் உங்களுக்காக ஆஜராக முடியாது. நீங்களே பேசலாம், தொழிற்சங்க அதிகாரி ஒருவரின் துணையும் கிடைக்கும். சமரசம் ஆகாது என்று தெரிந்தால், இலாகாவின் தலைமை இயக்குநர் வழக்கைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். 2021-க்கு முன் இது அமைச்சரின் மேசை வழியாகப் போக வேண்டியிருந்தது, சில மனுக்கள் அங்கேயே நின்றுவிட்டன. இப்போது அந்தத் தடை இல்லை. நீதிமன்றக் கட்டத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டு வரி மன்னிப்பு

உங்களை மிகவும் உறுத்துவது இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. நான்கு இடத்தில் இதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய நகல்களில் ஷோ காஸ் கடிதத்தையும் பணிநீக்கக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஷோ காஸ் கடிதம் கேட்டது, “மேல் அடுக்குச் சரக்கை நேரில் எண்ணாமல் ஏன் கையெழுத்திட்டீர்கள்?” என்று. நீங்கள், “என் தவறு, மன்னிக்கவும், ஒரு வாய்ப்புத் தாருங்கள்” என்று பதில் எழுதினீர்கள். அப்படியானால் நீங்கள் ஒப்புக்கொண்டது எதை? எண்ணாமல் கையெழுத்துப் போட்டதை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பணிநீக்கக் கடிதமோ வேறு பேச்சுப் பேசுகிறது. ‘பொய்யாகத் தயாரித்து’, ‘ஏமாற்றும் நோக்கத்தோடு’ என்று வருகிறது. இந்த நோக்கம் ஷோ காஸ் கடிதத்தில் எந்த வரியிலும் இல்லை. நீங்களும் அதை எங்கேயும் ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் வழக்கின் உயிர் இந்த இடைவெளியில் இருக்கிறது. 1981-இல் ஜே அண்ட் பி கோட்ஸ் நிறுவனத்தின் வழக்கில், முதலாளி ஒரு காரணத்தைச் சொல்லி நீக்கினால், நீதிமன்றம் அந்தக் காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. பிற்பாடு யோசித்து வேறு காரணத்தைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. 1995-இல் மிலான் ஆட்டோ வழக்கில் அதையே இரண்டு கேள்வியாகப் பிரித்தார்கள். சொன்ன ஒழுங்கீனம் நடந்தது நிரூபிக்கப்பட்டதா? நடந்திருந்தால், வேலையை விட்டே நீக்கும் அளவுக்கு அது போதுமான காரணமா? இரண்டையும் நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியின் தலையில்.

உங்களுக்குச் சாதகமாக என்னென்ன இருக்கிறது? ஏறும் இயந்திரம் பழுது என்று அன்று காலையே நீங்கள் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பிய செய்தி. மேலாளரின் குரல் பதிவு. 11 ஆண்டில் ஒரு எச்சரிக்கைகூட இல்லாத கோப்பு. அப்புறம், கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதே தவறை அதற்கு முந்தைய ஆண்டு செய்த இரவு நேர மேற்பார்வையாளருக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள் என்று. ஒரே தவறுக்கு ஒருவருக்கு எச்சரிக்கை, இன்னொருவருக்கு வேலைநீக்கம் என்றால், ஏன் என்று கம்பெனி விளக்க வேண்டியிருக்கும். ஏமாற்ற நினைக்கிறவர், ஏமாற்றுவதற்கு முன் மேலாளரிடம் அனுமதி கேட்டுச் செய்தி அனுப்புவாரா? இந்தக் கேள்வியை உங்கள் வாக்குமூலம் நீதிபதி மனத்தில் எழுப்ப வேண்டும்.

இனி உங்களுக்குப் பாதகமானதையும் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் வந்த ஒரு சுற்றறிக்கையைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். ‘எண்ணாமல் கையெழுத்திடுவது கடுமையான நடவடிக்கைக்கு உரியது’ என்ற அறிக்கை. படித்துப் புரிந்துகொண்டதாக அதில் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். கம்பெனியின் வழக்கறிஞர் எடுத்து நீட்டும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் சாதாரணத் தொழிலாளி இல்லை, மேற்பார்வையாளர். உங்கள் கையெழுத்தை நம்பித்தான் கணக்கு அலுவலகம் எண்களை ஏற்றுக்கொள்கிறது. ‘மேலே எண்ணவில்லை’ என்று தாளின் ஓரத்தில் இரண்டு சொல் எழுதியிருக்கலாமே, ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். அதற்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? பயந்தீர்களா, பழக்கமா, மேலாளர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினீர்களா? எதுவோ அதுதான் பதில். அழகான காரணம் ஒன்றை இப்போது கண்டுபிடிக்க வேண்டாம். உண்மையான பதில் சாதாரணமாக இருந்தாலும் குறுக்கு விசாரணையில் நிற்கும்.

இரண்டு வரி மன்னிப்பு எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலை, 24 மணி நேரக் கெடு, எச்சரிக்கையோடு முடிந்துவிடும் என்ற எச்.ஆர். பேச்சு. இவற்றைத் தேதி, நேரத்தோடு இப்போதே எழுதி வையுங்கள். மன்னிப்புக் கேட்டது உங்கள் நேர்மையைக் காட்டுகிறது என்றுதான் நான் வாதிடுவேன்.

எச்சரிக்கைக் கடிதம் இல்லாமல் நீக்கியது அதனாலேயே செல்லாது என்று நினைக்காதீர்கள். தாமதமாக வருவது, வேலையில் சுணக்கம் போன்றவற்றுக்கு முன்னெச்சரிக்கை தருவார்கள் என்று எதிர்பார்க்கலாம். திருட்டு, மோசடி, அடிதடி போன்ற கடும் ஒழுங்கீனம் ஒரே தடவை நடந்தாலும் நீக்க முடியும். ஆகவே உங்கள் செயல் எந்த வகையில் சேரும் என்பதே விவாதம். அலட்சியம் என்று நிலைநாட்ட முடிந்தால், 11 ஆண்டுச் சேவைக்கு எச்சரிக்கையோ பதவியிறக்கமோ போதுமே என்ற வாதத்துக்கு இடம் உண்டு. வேலைச் சட்டமே பணிநீக்கம், பதவியிறக்கம், அதைவிடக் குறைந்த தண்டனை என்று மூன்று வழிகளை முதலாளி முன் வைக்கிறது. மோசடி என்று நிலைநாட்டப்பட்டால், சேவைக் காலம் அவ்வளவாக உதவாது.

போலீஸ் புகார் கொடுப்போம் என்று மிரட்டியிருக்கிறார்கள். கொடுத்தால் கொடுக்கட்டும். உங்களை அழைத்தால் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். போலீஸ் உங்களை விட்டுவிட்டது என்பதற்காக மட்டும் தொழில் நீதிமன்றத்தில் வென்றுவிட முடியாது. குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் அளவு ஆதாரம் இங்கே தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள். திருட்டுக் குற்றச்சாட்டானாலும் அதே அளவுகோல்தான் என்பது 2002-ஆம் ஆண்டு டெலிகோம் மலேசியா வழக்கிலிருந்து உறுதியாகிவிட்டது.

அந்த 40 நிமிட விசாரணை

புகாரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவரே தலைமை வகித்தது தவறு. சாட்சியைக் கேள்வி கேட்க விடாதது தவறு. இரண்டையும் மனுவிலும் பிறகு நீதிமன்றத்திலும் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் “விசாரணை சரியில்லை, ஆகவே கேஸ் என் பக்கம்” என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஹாங் லியோங் அஷ்யூரன்ஸ் வழக்கில் 1995-இல் கூட்டரசு நீதிமன்றம், உள் விசாரணையில் குறை இருந்தாலும், விசாரணையே நடக்காவிட்டாலும், தொழில் நீதிமன்றம் எல்லா ஆதாரத்தையும் புதிதாகக் கேட்டுத் தீர்மானிக்கலாம் என்றது. கம்பெனி அங்கே விட்டதை இங்கே சரிசெய்துகொள்ள முடியும்.

இது உங்களுக்கும் நல்லதுதான். அந்த அறையில் நீங்கள் காட்ட முடியாமல்போன குரல் பதிவை இங்கே காட்டலாம். வராத சாட்சியை இங்கே அழைக்கலாம். நியாயம், நல்ல மனச்சாட்சி, வழக்கின் உண்மையான சாரம் ஆகியவற்றைப் பார்த்து, நடைமுறை நுணுக்கங்களில் சிக்கிக்கொள்ளாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இந்த நீதிமன்றத்துக்குச் சொல்கிறது. உங்களைப் போல் சட்டம் தெரியாமல் நிற்பவருக்கு அது பெரிய ஆறுதல்.

குரல் பதிவைப் பற்றி இன்னும் ஒன்று. அது உங்கள் சொந்தக் கைப்பேசியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அந்தக் கைப்பேசியை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், அந்த உரையாடலில் ஒரு வரிகூட அழிக்காதீர்கள். முன்னும் பின்னும் உள்ள செய்திகளோடு தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பதிவின் பிரதியை இன்னொரு இடத்திலும் வையுங்கள். அதில் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வையுங்கள். “வேலையிட வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள், எல்லாம் போச்சு” என்று வருந்துகிறீர்கள். நீங்களாக அழிக்காத வரை, பழைய செய்திகள் உங்கள் கைப்பேசியில் இருக்கும். போய்ப் பாருங்கள். அந்தப் பதிவைக் குடும்பத்துக்கோ பழைய சகாக்களுக்கோ அனுப்புவதும், ஃபேஸ்புக்கில் போடுவதும் வேண்டவே வேண்டாம். மேலாளரைத் தனியாகச் சந்தித்துப் பேசவும் முயலாதீர்கள். சாட்சியை மிரட்டினார் என்று ஒரு புதுக் குற்றச்சாட்டு உங்கள் மேல் வரக்கூடாது.

ராஜினாமாவுக்கு மறுத்தது

இதில் நீங்கள் செய்தது சரி. ஒரு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டோமே என்று மனைவி வருந்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கம்பெனி நீக்கியது என்பதில் சந்தேகமில்லாதபோது, காரணத்தை நிரூபிப்பது கம்பெனியின் வேலை. நீங்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தால், அது கட்டாயப்படுத்தி வாங்கியது என்று நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும். மூடிய அறைக்குள் இரண்டு பேர் பேசியதை எப்படி நிரூபிப்பீர்கள்?

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு அது கிடையாது. தானாக ராஜினாமா செய்தவருக்கும் கிடையாது. ராஜினாமா செய்திருந்தால் அதுவாவது வந்திருக்கும் என்ற ஏக்கம் வேண்டாம். உங்கள் இபிஎஃப் சேமிப்பை யாரும் தொட முடியாது.

எவ்வளவு கிடைக்கும்?

“24 மாதச் சம்பளம் நிச்சயம், மன உளைச்சலுக்குத் தனியாக” என்று யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். நிரந்தர ஊழியருக்கு 24 மாதம் என்பது, நீக்கப்பட்ட நாளிலிருந்து கிடைக்காமல்போன சம்பளத்துக்கான உச்சவரம்பு. உங்கள் சம்பளத்துக்கு அது 1,10,400 ரிங்கிட். வென்றால் அதற்கு மேல் போகாது, கீழே இறங்கலாம். இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததைக் கணக்கில் எடுத்துக் குறைப்பார்கள். தவறில் உங்களுக்கும் பங்கிருந்தால் அதற்காகவும் குறைப்பார்கள். எண்ணாமல் கையெழுத்திட்டதை நீங்களே ஒப்புக்கொண்டிருப்பதால், உங்கள் விஷயத்தில் ஒரு குறைப்பை எதிர்பார்த்தே இருங்கள். இது தவிர, வேலையில் திரும்ப அமர்த்த முடியாவிட்டால், அதற்கு ஈடாகப் பெரும்பாலும் ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் தருவது வழக்கம். எதிர்காலத்தில் சம்பாதித்திருக்கக்கூடிய பணத்துக்கு எதுவும் இல்லை.

குறைப்பார்களே என்பதற்காக வேலை தேடாமல் இருக்க வேண்டாம். “புது வேலையில் சேர்ந்தால் கேஸ் செத்துப்போகும்” என்பது தவறான பேச்சு. வழக்கு நடக்க மாதங்கள் பிடிக்கும், சில வேளை ஓராண்டையும் தாண்டும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதுவரை வருமானமில்லாமல் இருப்பது எந்தத் தீர்ப்பையும்விடப் பெரிய நஷ்டம். நேர்முகத்தில் ஏன் விலகினீர்கள் என்று கேட்டால், “நீக்கப்பட்டேன், அதை எதிர்த்து மனு கொடுத்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள். பொய் சொல்லிச் சேர்ந்தால், அந்த வேலையையும் இழக்க அதுவே காரணமாகிவிடும்.

சமரசப் பேச்சில் கம்பெனி ஒரு தொகையோடு வரலாம். கோபத்தில் எழுந்து வராதீர்கள். உங்கள் வழக்கில் இரு பக்கமும் பலம் இருக்கிறது, இரு பக்கமும் பலவீனம் இருக்கிறது, அதனால் நல்ல சமரசத்துக்கு இடம் உண்டு. நானாக இருந்தால் பணத்தை மட்டும் பேச மாட்டேன். பணிநீக்கக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, ‘ஏமாற்றிய’ என்ற சொல் கோப்பில் எங்கேயும் இல்லாமல், சேவைக் காலத்தையும் பதவியையும் சொல்லும் சான்றிதழ் ஒன்றையும் கேட்பேன். உங்கள் வயதில் இன்னும் பல ஆண்டுகள் இதே துறையில் வேலை பார்க்கப்போகிறீர்கள், சரக்கை நம்பி ஒப்படைக்கும் துறை அது. அந்தச் சொல் நீங்குவது ஐந்து மாதச் சம்பளத்தைவிடப் பெரிது என்பது என் கருத்து. அதே சமயம், சமரசத்தில் கையெழுத்திட்டால் அதோடு முடிந்தது, பிறகு வேறு எதுவும் கேட்க முடியாது. காகிதத்தை முழுவதும் படியுங்கள். சந்தேகம் இருந்தால் அன்றே கையெழுத்திடாமல், வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸிடமோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திடமோ கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரமே இலாகாவுக்குப் போங்கள். வேலை நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷோ காஸ் கடிதம், உங்கள் பதில், இடைநீக்கக் கடிதம், பணிநீக்கக் கடிதம், மேல்முறையீட்டின் நகல் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஏதாவது ஒன்று கையில் இல்லையென்றால் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், பிறகு கொடுத்துக்கொள்ளலாம். நீக்கப்பட்ட தேதியைக் கடிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள். மனுவின் உங்கள் பிரதியில் இலாகாவின் முத்திரையும் தேதியும் விழுந்த பிறகுதான் அங்கிருந்து கிளம்ப வேண்டும். கிளம்பியதும் அதை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள், மனு உரிய நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று நானும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.